நண்பரிடம் நம் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: நான் கத்தோலிக்கன். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். உடன் வேலை செய்யும் நெருங்கிய நண்பர் இந்து. அண்மையில் அவருடைய அப்பா இறந்துவிட்டார். ஒரு நாள் மதிய உணவின்போது, "உனக்கு உன் சாமி மேல் இவ்வளவு நம்பிக்கை எப்படி வந்தது?" என்று கேட்டார். மதம் மாற்றப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில் பேச்சை மாற்றிவிட்டேன். நட்பைக் கெடுத்துக்கொள்ளாமல் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ள வழி உண்டா?

பதில்:

உண்டு, தம்பி. உங்கள் நண்பர்தான் கேட்டார்; நீங்கள் வலியப் போய்ப் பேசவில்லை. கேட்டவருக்கு மனம் திறந்து பதில் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. பேதுருவின் முதல் திருமுகமும் (3:15) நம்மிடம் இதையே எதிர்பார்க்கிறது. நம் எதிர்நோக்கைப் பற்றி யாராவது விளக்கம் கேட்டால் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்தப் பதிலில் பணிவும் மரியாதையும் இருக்க வேண்டும். அப்பாவைப் பறிகொடுத்த ஒருவர் அந்தக் கேள்வியைப் பொழுதுபோக்காகக் கேட்டிருக்க மாட்டார். எனவே அவரிடம் திரும்பப் போங்கள். "அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை" என்று நீங்களே தொடங்கலாம். அதற்குப் பிறகு எப்படிப் பேசுவது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். டச்சுக் கம்பெனியில் பணியாற்றினாலும் அவர் கத்தோலிக்கர். மன்னர் மார்த்தாண்ட வர்மா அவரைக் கொண்டே தம் படைகளுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்க வைத்தார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தும் வேலையையும் அவரிடம் ஒப்படைத்தார். அந்த நாள்களில்தான் அரசுப் பணியில் இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. நீலகண்டரின் வீட்டிலோ அடுத்தடுத்து இழப்புகள். கால்நடைகள் மாண்டன, விளைச்சல் பொய்த்தது, சொத்து கரைந்தது. அவருடைய முகவாட்டத்தைக் கண்டு டிலனாய் என்னவென்று விசாரித்தார். நீலகண்டர் தம் மனச்சுமையைச் சொன்னார். அதையெல்லாம் கேட்ட பிறகு டிலனாய் அவருக்கு விவிலியத்திலிருந்து, எல்லாவற்றையும் இழந்து துன்புற்ற யோபுவின் கதையைச் சொன்னார். அந்தப் பேச்சு வளர்ந்து 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கில் (ஞானஸ்நானத்தில்) போய் முடிந்தது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்த தேவசகாயம் இவர்தான். இந்தியப் பொதுநிலையினரில், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களில், முதல் புனிதர்.

இந்த வரலாற்றை நீங்கள் மறையுரைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அங்கெல்லாம் பேச்சு பெரும்பாலும் தேவசகாயத்தின் மறைசாட்சியத்தை, விசுவாசத்துக்காக அவர் உயிர்விட்டதை, சுற்றியே இருக்கும். நான் உங்களை டிலனாயைப் பற்றி யோசிக்கச் சொல்கிறேன். அவர் குருவானவர் இல்லை, மறைக்கல்வி கற்பிக்கும் வேதியரும் இல்லை. அயல்நாட்டுப் படைவீரர், போரில் தோற்றுச் சிறைப்பட்டவர். வேலையிடத்தில் பழகிய ஒரு மனிதரின் முகம் வாடியிருப்பதைக் கவனித்தார், கேட்டார், அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். நீங்களும் உங்கள் நண்பரும் சாப்பிட உட்காரும் அந்த மேசையில் செய்ய முடியாத எதையும் அவர் செய்துவிடவில்லை.

அவர் தேர்ந்தெடுத்த கதையையும் பாருங்கள். பார்வையற்றவர் பார்வை பெற்றதையோ, கானாவூரில் தண்ணீர் திராட்சை இரசமானதையோ சொல்லியிருக்கலாம். அவர் யோபுவைச் சொன்னார். அந்த நூலில் யோபுவைத் தேடி மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவருடைய துயரம் மிகப் பெரியது என்று கண்டதால் ஒருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை (2:13). அதுவரை அவர்கள் செய்தது எல்லாம் சரி. பிறகு வாய் திறந்து, துன்பம் ஏன் வந்தது என்று விளக்கத் தொடங்குகிறார்கள். நீ ஏதோ தவறு செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் தண்டிப்பாரா என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறார்கள். கடைசியில் கடவுளின் சினம் கேள்வி கேட்டுப் புலம்பிய யோபுவின் மீது விழவில்லை. விளக்கம் சொன்ன நண்பர்கள் மீது விழுகிறது (42:7). துக்கத்தில் இருப்பவரிடம் கடவுளைப் பற்றிப் பேச விரும்பும் ஒவ்வொருவரும் இந்த நூலை ஒரு முறை முழுமையாகப் படித்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே உங்கள் நண்பரிடம் "எல்லாம் கடவுளின் சித்தம்", "இதிலும் ஏதோ நன்மை இருக்கும்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். அவர் என்ன வேலை செய்தார், மகனிடம் கண்டிப்பாக இருந்தாரா, கடைசி நாள்களில் என்ன பேசினார், அம்மா இப்போது தனியாக இருக்கிறாரா என்று கேளுங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் போகாதிருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்பா இறந்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு அதே நாளில் ஒரு போன் செய்யுங்கள். எல்லோரும் மறந்துவிட்ட நாளில் நினைவு வைத்திருந்து விசாரிப்பவரை யாரும் மறப்பதில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்ற திருத்தூது ஊக்கவுரையில் (127, 128) இதே வரிசையைத்தான் தருகிறார். வீதியில், வேலையிடத்தில், பயணத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும் நற்செய்திக்கு முதல் படி உரையாடல். அதிலும் முதலில் பேச வேண்டியவர் மற்றவர். அவருடைய மகிழ்ச்சி, எதிர்பார்ப்பு, வேண்டியவர்களைப் பற்றிய கவலை எல்லாம் வெளியே வந்த பிறகுதான் இறைவார்த்தைக்கு இடம். அதையும் ஒரு வசனமாகவோ கதையாகவோ சொல்லலாம். சூழ்நிலை பொருந்தினால், அவர் சொன்ன கவலையை ஒட்டி ஒரு சிறு செபத்தோடு முடிக்கலாம். உதயகிரியில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் அப்படியே பொருந்துகின்றன.

இனி, உங்கள் நண்பர் கேட்ட கேள்விக்கு வருவோம். அவர் கேட்டது திருச்சபையின் போதனையை இல்லை. உங்களுக்கு எப்படி நம்பிக்கை வந்தது என்பதைக் கேட்டார். உண்மையைச் சொல்லுங்கள். பாட்டியோடு உட்கார்ந்து செபமாலை சொன்ன பழக்கத்தில் வந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். இடையில் சில ஆண்டுகள் கோவில் பக்கமே போகாமல் இருந்து திரும்பி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சந்தேகங்கள் இன்னும் இருந்தால் மறைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். ஆனால் இயேசுவின் பெயரைச் சொல்லாமல் முடித்துவிடாதீர்கள். "ஏதோ ஒரு சக்தி இருக்கிறது என்று நம்புகிறேன்" என்று பொதுவாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கடவுள் நம் துன்பத்தைத் தூரத்தில் நின்று பார்க்கவில்லை, மனிதராகி அதற்குள்ளேயே வந்தார், சிலுவையில் இறந்தார், உயிர்த்தார், அதனால் சாவுக்கு அப்பாலும் நமக்கு வாழ்வு உண்டு என்று நம்புகிறேன்: இதைச் சொல்ல இறையியல் பட்டம் தேவையில்லை.

இங்கே பலர் ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறார்கள். நல்லவனாக வாழ்ந்து காட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்பார்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1975இல் வெளியிட்ட நற்செய்தி அறிவிப்பு பற்றிய ஏட்டில் (21, 22) இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறார். கிறிஸ்தவர்கள் மற்றவர்களோடு கலந்து வாழும்போது அவர்களைப் பார்ப்பவர்கள் மனத்தில் 'இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்?' என்ற கேள்வி எழ வேண்டும். சொல்லில்லாத அந்தச் சாட்சியமே நற்செய்தி அறிவிப்பின் தொடக்கம். ஆனால் இயேசுவின் பெயரும் அவருடைய வாழ்வும் வாக்குறுதியும் எடுத்துச் சொல்லப்படவில்லை என்றால் அந்த அறிவிப்பு முழுமை அடையாது என்றும் அவர் அங்கேயே சேர்த்துச் சொல்கிறார். தம்பி, உங்கள் நண்பர் கேட்ட கேள்வி ஆறாம் பவுல் சொன்ன அந்தக் கேள்விதான். உங்களையே அறியாமல் முதல் பாதியைச் செய்து முடித்திருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் வாக்களிக்காதீர்கள்: வேண்டினால் கிடைக்கும் என்பதை. 'நான் நவநாள் (ஒன்பது நாள் வேண்டுதல்) சொன்னேன், பதவி உயர்வு வந்தது. நீயும் சொல்லிப் பார்' என்ற பேச்சு நம்மிடையே மிகவும் மலிந்துவிட்டது. வேண்டுதல் நிறைவேறியதற்கு நன்றி சொல்வது நல்லது, சொல்லுங்கள். அதைப் பேரமாக மாற்றி இன்னொருவர் முன் வைப்பதுதான் தவறு. தேவசகாயத்துக்குத் திருமுழுக்கால் உலக ஆதாயம் எதுவும் வரவில்லை. இருந்த பதவியும் போயிற்று. 1749இல் சிறைபிடிக்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் வதைக்கப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். யோபுவின் கதையைக் கேட்டுக் கிறிஸ்துவிடம் வந்தவர் என்பதால்தான் அவர் அதைத் தாங்கினார் என்று நான் நம்புகிறேன். செல்வம் பெருகும் என்ற வாக்குறுதியைக் கேட்டு வந்திருந்தால் முதல் விலங்கு பூட்டப்பட்ட அன்றே திரும்பிப் போயிருப்பார்.

தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்ட அதே நாளில், உரோமையில் அதே திருப்பலியில், சார்லஸ் தெ ஃபூக்கோவும் புனிதராக அறிவிக்கப்பட்டார். நட்பின் வழி நற்செய்தி என்று பேசும்போது இவரை விட்டுவிடக் கூடாது. பிரெஞ்சுக்காரர், இளம் வயதில் விசுவாசத்தை முற்றிலும் இழந்தவர், படை அதிகாரி. 1883-84இல் மொராக்கோவில் பயணம் செய்தபோது அங்கிருந்த இஸ்லாமியர்கள் தொழுவதைக் கண்டுதான் அவர் மனத்தில் கடவுளைப் பற்றிய கேள்வி மீண்டும் எழுந்தது. பாரிஸ் திரும்பியதும் அவருடைய உறவுக்காரப் பெண்மணி மரி தெ போந்தியின் பரிவு அவரைத் தொட்டது. அந்த அம்மையார் அவரைக் கண்டிக்கவில்லை, வாதாடவில்லை. தம் இல்லத்தில் அன்போடு இடம் கொடுத்தார். இவ்வளவு அறிவுள்ள ஒரு பெண் நம்பும் மதம், நான் நினைப்பதுபோல் வெறும் மடமையாக இருக்க முடியாது என்று ஃபூக்கோ எண்ணத் தொடங்கினார். 1886 அக்டோபரில் ஊவ்லேன் என்ற குருவிடம் ஒப்புரவு (பாவ அறிக்கை) செய்து விசுவாசத்துக்குத் திரும்பி வந்தார்.

பிறகு குருவாகி, சகாரா பாலைவனத்தில் தமன்ராசெட் என்ற இடத்தில் தொவாரெக் மக்களிடையே குடியிருந்தார். அவர்கள் மொழியைக் கற்று, அகராதி தொகுத்து, பாடல்களைச் சேகரித்து, வந்தவர்களையெல்லாம் வரவேற்று வாழ்ந்தார். 1908 தொடக்கத்தில் அவர் நோயில் விழுந்து சாகக் கிடந்தபோது, கடும் வறட்சியிலும் அந்த மக்கள் எங்கெங்கோ தேடி ஆட்டுப்பால் கொண்டுவந்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். கொடுப்பதற்காகப் போனவர் அன்று அவர்களிடம் பெற்றுக்கொண்டார். உண்மையான நட்பு அதற்குப் பிறகுதான் ஆழப்பட்டது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பலரும் கருதுகிறார்கள். 1916 டிசம்பர் 1 அன்று அவர் கொல்லப்பட்டபோது அவரோடு ஒரு சகத் துறவிகூட இல்லை. அந்த மக்களிடையே ஒரு பங்கோ (ஒரு கோவிலைச் சார்ந்த இறைமக்கள் குழுவோ) துறவு சபையோ உருவாகியிருக்கவில்லை. டிலனாயின் நட்பு ஒரு மறைசாட்சியைத் தந்தது. ஃபூக்கோவின் நட்புக்குக் கணக்குக் காட்ட எதுவும் இல்லை. திருச்சபை அவரையும் புனிதர் என்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்கள் கேள்விக்குள் இருக்கும் பயத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. நட்பைத் தூண்டிலாகப் பயன்படுத்தினால் நண்பர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார். அவர் கோபப்படுவதும் நியாயம்தான். உங்களையே கேட்டுப் பாருங்கள்: இவர் கடைசி வரை இந்துவாகவே இருந்தாலும் நான் இவருடைய நண்பனாக இருப்பேனா? இருப்பேன் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அந்த மனநிலை உங்கள் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

அன்றாட வாழ்க்கையில் என்ன செய்வது? பெரிதாக எதுவும் வேண்டாம். மறைக்காமல் இருந்தால் போதும். சாப்பிடுமுன் சிலுவை அடையாளம் போடும் பழக்கம் வீட்டில் உண்டென்றால் அலுவலகத்திலும் போடுங்கள். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போகலாம். தவக்கால வெள்ளியில் பிரியாணி வேண்டாம் என்னும்போது 'வயிறு சரியில்லை' என்று சாக்குச் சொல்லாதீர்கள். ஞாயிறு காலை எங்கே போயிருந்தாய் என்று கேட்டால், பூசைக்கு என்று சொல்லுங்கள். கேள்வி வந்தால் ஓரிரு வாக்கியத்தில் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். "மாதாவை ஏன் கும்பிடுகிறீர்கள்?", "சாமியாரிடம் போய் ஏன் பாவத்தைச் சொல்ல வேண்டும்?" என்ற கேள்விகள் கட்டாயம் வரும். மேலும் தெரிந்துகொள்ள விரும்பினால் அவரே கேட்பார். தெரியாததற்கு "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மறக்காமல் விசாரித்துச் சொல்லுங்கள்.

அவருடைய நம்பிக்கையைப் பற்றி நீங்களும் கேளுங்கள். இது தந்திரம் இல்லை. நட்பில் இயல்பாக நடக்க வேண்டியது. அவர் மாலை போட்டு மலைக்குப் போகிறவராக இருந்தால், அந்த நாற்பத்தொரு நாள் விரதம் அவருக்கு என்ன தருகிறது என்று கேட்டதுண்டா? உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், அவற்றில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று சொல்லியிருக்கிறது. ஃபூக்கோவைக் கிறிஸ்துவிடம் திருப்பும் பாதையில் முதல் அசைவு ஏற்படுத்தியது பிறருடைய தொழுகை என்பதையும் நினைவில் வையுங்கள். நண்பர் வீட்டுப் பொங்கலுக்குப் போங்கள். திருமணத்துக்குப் போய் மரியாதையோடு நில்லுங்கள். வழிபாட்டில் பங்கெடுப்பது நமக்கு முறையில்லை என்பதைக் கேட்டால் அமைதியாகச் சொல்லலாம். விருந்துக்குக் கூப்பிட்டால் பரிமாறியதைச் சாப்பிடுங்கள் என்று பவுலடியாரே எழுதியிருக்கிறார் (1 கொரிந்தியர் 10:27). நம் நம்பிக்கையைச் சொல்ல மற்றவர் நம்பிக்கையை இழிவுபடுத்த வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. அப்படிப் பேசுகிறவர்களோடு சேர்ந்து சிரித்துவிடவும் செய்யாதீர்கள்.

அவருக்காக நாள்தோறும் செபியுங்கள். அதை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவருடைய அம்மா மருத்துவமனையில் இருக்கும்போது அங்கேயே உரக்கச் செபிக்க வேண்டும் என்று தோன்றினால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். "அம்மாவுக்காக நான் வேண்டிக்கொள்ளலாமா?" என்று கேட்டால் நம் ஊரில் வேண்டாம் என்பவர்கள் குறைவு. இருந்தாலும் கேட்க வேண்டும்.

கோவிலுக்கு அழைக்கலாமா என்றால், தாராளமாக அழைக்கலாம். இயேசுவைப் பற்றி நத்தனியேல் எழுப்பிய சந்தேகத்துக்குச் சீடர் பிலிப்பு வாதம் எதுவும் செய்யவில்லை. "வந்து பாரும்" என்று மட்டும் சொன்னார் (யோவான் 1:46). தமிழ்நாட்டில் இது நமக்குக் கிடைத்த வரம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு எல்லாச் சமயத்தவரும் நடந்து வருகிறார்கள்; உங்கள் நண்பர் வீட்டிலும் யாராவது போய் வந்திருப்பார்கள். கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கு அழைப்பதாக இருந்தால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது அவர் இருக்கையிலேயே இருக்கலாம். அது திருமுழுக்குப் பெற்று அந்த விசுவாசத்தில் இணைந்தவர்களுக்கு உரியது. இதைச் சொல்ல மறந்து, விருந்தாளி வரிசையில் வந்து நின்று, பீடத்தின் முன் தர்மசங்கடப்பட்டுத் திரும்பிய நிகழ்ச்சிகள் பல பங்குகளில் உண்டு. அன்பாக முன்பே சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அப்படியென்றால் அதில் என்ன இருக்கிறது என்று சிலர் ஆர்வத்தோடு கேட்கவும் செய்வார்கள்.

அழைப்பதற்கு முன் நம் வீட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தேவசகாயம் சாதி வேற்றுமை பாராமல் எல்லாரும் சமம் என்று வற்புறுத்தியது மேல்சாதியினரின் கோபத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் கோவிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து நிறுத்தும் சுவர் இருந்தது. அது 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்திலும், தேர்பவனியிலும், பங்குப் பேரவையிலும் இன்றும் சாதி பார்க்கும் இடங்கள் நம்மிடம் உண்டு. உங்கள் நண்பர் அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக் கூட்டத்துக்கு) வந்து உட்காரும்போது முதல் பத்து நிமிடத்தில் அவருடைய சாதியை யாராவது துருவிக் கேட்டால், நீங்கள் பழகிப் பேசிய அத்தனையும் அங்கேயே உடைந்துபோகும். இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. பங்கில் இதைத் தட்டிக்கேட்பதும் நற்செய்திப் பணிதான். மிகக் கடினமான பணி.

உங்கள் நண்பர்களில் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்ட கத்தோலிக்கர்களும் இருப்பார்கள். அவர்களை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் கோவில் சம்பந்தப்பட்ட யாரோ ஒருவர் மனத்தைப் புண்படுத்தியிருப்பார். அறிவுரைக்கு முன்னால் அதைக் கேட்க ஆள் வேண்டும். எம்மாவு என்ற ஊருக்குப் போன சீடர் இருவரிடம் உயிர்த்த ஆண்டவரும் முதலில் என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்றுதான் கேட்டார். அவர்கள் எருசலேமை விட்டு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தத் திசையிலேயே அவரும் கூட நடந்தார் (லூக்கா 24).

சட்டத்தைப் பற்றிய பயமும் உங்களுக்கு இருக்கலாம். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கு உட்பட்டு, தம் மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத்துக்கு எதிராக 2002இல் வந்த சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு பல மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் நடப்பில் உள்ளன, மாற்றலாகிப் போனால் அங்குள்ள நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். நண்பர் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உண்மையில் திருச்சபை நமக்கு விதித்திருக்கும் எல்லை இன்னும் கண்டிப்பானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றி 1965இல் வெளியிட்ட ஏடு (4), வற்புறுத்தலின் சாயல் உள்ள எதையும், சிறப்பாக ஏழைகளிடமும் கல்வி அறிவு குறைந்தவர்களிடமும், தவிர்க்கச் சொல்கிறது. உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர், உங்களிடம் கடன் பட்டவர் ஆகியோரிடம் இன்னும் கவனம் தேவை. உதவி செய்யுங்கள், அந்த உதவியோடு விசுவாசப் பேச்சை முடிச்சுப் போடாதீர்கள்.

சரி, ஒரு நாள் அவரே திருமுழுக்குப் பெற விரும்புகிறேன் என்று சொன்னால்? மகிழ்ச்சி அடையுங்கள், அவசரப்படாதீர்கள். டிலனாய் தம் நண்பரைக் கடிதத்தோடு வடக்கன்குளத்தில் இருந்த இயேசு சபைக் குரு புட்டாரியிடம் அனுப்பினார். குருவும் உடனே தண்ணீர் ஊற்றிவிடவில்லை. கற்பித்து, மனவுறுதியைப் பார்த்த பிறகே திருமுழுக்குக் கொடுத்தார். நீங்களும் பங்குத்தந்தையிடம் அழைத்துப் போங்கள்.

அதற்கு முன் நண்பர் என்ற முறையில் சில உண்மைகளை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அம்மா என்ன நினைப்பார், மனைவி சம்மதிப்பாரா, அப்பாவுக்குத் திதி கொடுப்பது என்ன ஆகும் என்றெல்லாம் அவர் பேசி முடிக்க வேண்டும். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவர் ஆனதும் அந்தப் பட்டியலுக்குரிய உரிமைகளை இழப்பார். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார். இது அநீதி என்று திருச்சபை நெடுங்காலமாகப் போராடி வருகிறது. ஆனாலும் இன்றைய நிலை இதுதான், பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் இது பாதிக்கும். இதை மறைத்து அவரை அழைத்துப் போவது நட்புக்குச் செய்யும் துரோகம்.

அதன் பிறகு பங்கில் மறைக்கல்வி தொடங்கும். 1972இல் வெளியான வயதுவந்தோர் புகுமுகச் சடங்கு முறைப்படி அது பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டுக்கு மேலும் நீளும். இடையில் எந்தக் கட்டத்திலும் அவர் வேண்டாம் என்று விலகலாம். அப்படி விலகினால் நீங்கள் முகம் சுளிக்கக் கூடாது. தொடர்ந்தால் பாஸ்கா திருவிழிப்பு (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய) இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் சேர்த்து வழங்கப்படும். மறைக்கல்விக்கு வருபவர்களிடம் எப்படி இங்கே வந்தீர்கள் என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலோர் ஒரு மனிதரின் பெயரைச் சொல்வார்கள். உடன் படித்தவர், பக்கத்து வீட்டுக்காரர், வேலையிடத்து நண்பர். ஞானத்தந்தையாக நிற்கவும் அவரையே கேட்பார்கள். உங்களைக் கேட்டால், நீங்கள் 16 வயது நிறைந்தவராகவும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவராகவும், விசுவாச வாழ்வில் நிலைத்திருப்பவராகவும் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் (874) சொல்கிறது. உறுதிபூசுதல் பெற்ற சான்றிதழைப் பங்குத்தந்தை கேட்பார். அது உங்கள் சொந்தப் பங்கின் பதிவேட்டில் இருக்கும்.